சக்கரம் வைத்த சீட்டா

'தெரியாது' என்ற சொல்லை நான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னபோது எனக்கு முப்பத்தொரு வயது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அர்த்தமில்லை. எதைக் கேட்டாலும் என் வாய் தானாகவே ஒரு பதிலைத் தயார் செய்துவிடும், அவ்வளவுதான். கேரளத்தில், எங்கள் ஊர்த் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது ஒரு லாட்ஜுக்கு வழி கேட்டால், 'நேரே போய் இடது பக்கம்' என்று கை காட்டி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்படி ஒரு லாட்ஜ் உண்டா என்று யோசிப்பேன். (போனவர்கள் யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. எங்கே போய்ச் சேர்ந்தார்களோ, பாவம்.)

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. அப்பா காலமான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஹார்டுவேர் கடையில் யாரும் பொருளின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'டேங்குக்கு அடியில ஒரு சாதனம் உண்டல்லோ, அதோட மத்த பாதி' என்பார்கள். யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்ட வேண்டும். யோசித்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பத்து வருடம் இப்படி நீட்டிப் பழகியதில், கடைக்கு வெளியிலும் எனக்குக் கை தானாக நீண்டது.

அந்த வருடம் நவராத்திரி நெருங்கியபோது என் தங்கை மீனுவுக்குக் கல்யாணம் முடிவாகும் நிலையில் இருந்தது. அவள் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் கார்த்திக்கும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பையனுக்குப் பூர்வீகம் நாகர்கோவில், வளர்ந்தது பெங்களூர். எங்கள் அம்மாவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். (என்னை யாரும் கேட்கவில்லை.) மிச்சமிருந்தது ஒரே ஒரு சம்மதம்தான். கார்த்திக்கின் அம்மா ராஜேஸ்வரி.

அப்பா இல்லாமல் வளர்ந்த பையன். அம்மா வேண்டாம் என்றால் அவன் செய்துகொள்ள மாட்டான் என்று மீனுவுக்கே தெரியும். 'பொண்ணப் பாத்துட்டுச் சொல்றேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் நவராத்திரிக்கு மகனிடம் வருவதாக இருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க வருவதாக ஏற்பாடு. வெற்றிலை பாக்கு வாங்க வந்ததாகவும் இருக்கும், பெண்ணைப் பார்த்ததாகவும் இருக்கும்.

ராஜேஸ்வரி அம்மாள் சாதாரண ஆள் இல்லை. பெங்களூரில் ஹெலிகாப்டர் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். மற்றவர்கள் மாட்டிய திருகாணி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் தன் நம்பர் போட்ட முத்திரையைக் குத்துவது அவர் வேலை. அந்த முத்திரை விழாமல் ஒரு பாகமும் அடுத்த மேஜைக்கு நகராதாம். இப்போது அடுத்த மேஜைக்கு நகர வேண்டியது என் தங்கை.

மீனு கடைக்கே வந்து என்னிடம் பேசினாள்.

"அண்ணா, நல்லாக் கேட்டுக்கோ. அவங்க அம்மைக்கு ரெண்டே காரியம்தான் பிடிக்கும். ஒண்ணு ஹெலிகாப்டர். ரெண்டாவது, சரியாச் செஞ்ச வேலை. நீ ஒண்ணும் செய்யண்டாம். வாங்கன்னு சொல்லு, சிரி, பின்னே வாயத் தெறந்து மிண்டாம இரு. அது மதி."

"நான் என்ன செய்யப் போறேன்?"

"அதான் பயமாருக்கு. இது மாத்திரம் குளமாச்சுன்னா நான் உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன், சத்தியமாட்டு."

அவள் சொன்ன இரண்டு காரியங்களில் எனக்கு முதலாவது மட்டும்தான் மனதில் நின்றது. ஹெலிகாப்டர்! அவள் ஆட்டோ ஏறிப் போவதற்குள் என் மூளையில் கொலுவின் ஏழு படிகளிலும் ஹெலிகாப்டர்கள் இறங்கத் தொடங்கிவிட்டன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏலே கிட்டு, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? அம்மன் இருக்க எடத்துல ஹெலிகாப்டரா?" என்றாள் அம்மா.

"போன வருஷம் கிரிக்கெட் டீம் நின்னுச்சே? பதினொரு பேரும் பேட்டோட நின்னானுவளே?"

"அது தெருப் பிள்ளையளுக்காக்கும்."

"இது ஒனக்க மகளுக்காக்கும்."

அம்மா அடங்கிவிட்டாள். ஏழு படியில் மேல் மூன்று சாமிக்கு, கீழ் நான்கு எனக்கு என்று பங்கு பிரித்தோம். செட்டியார் பொம்மையும் அவருடைய பலசரக்குக் கடையும் மட்டும் எப்போதும் போலக் கீழ்ப்படியில் ஓரமாக இருக்க வேண்டும் என்றாள். ஒத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. கொலு ஏறினா ஏறினதுதான். விஜயதசமி ராத்திரி வர ஒரு பொம்மையையும் அனக்கப்பிடாது. வச்ச பிறகு வந்து அத மாத்தட்டா, இத மாத்தட்டான்னு கேக்கப்பிடாது. கேட்டியா?"

"நான் வச்சா மாத்த வேண்டிய அவசியம் வராது" என்றேன். நினைத்துப் பார்த்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஃபோனில் ஆராய்ச்சி. பெரிய ஹெலிகாப்டர் எல்லாம் வேண்டாம், நம் ராணுவத்தில் காலகாலமாகப் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர் குடும்பம் ஒன்றைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். அதன் வளர்ச்சியும் வகைகளும் ஒரு நீளமான கட்டுரையாகக் கிடைத்தன. பிரான்ஸில் முதலில் அலுவெட் இரண்டு என்று ஒன்று செய்தார்கள். (அலுவெட் என்றால் வானம்பாடியாம்.) முன்னால் கண்ணாடிக் குமிழ், பின்னால் வெறும் கம்பிச் சட்டமாக ஒரு வால், அடியில் சக்கரத்துக்குப் பதில் ஸ்கிட் என்று இரண்டு நீளக் குழாய்கள். அடுத்து அலுவெட் மூன்று. உடம்பு பெரிது, வால் தகடு போட்டு மூடியது, கீழே மூன்று சக்கரம். அதையே உரிமம் வாங்கி இங்கே செய்தபோது சேத்தக் என்று பெயர். அதற்கு அடுத்தது சீட்டா.

சீட்டா என்ற தலைப்புக்கு நான் வந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து முக்கால் இஞ்ச் திருகாணி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இது மரத்துக்கா சுவருக்கா என்று கேட்டார். பதில் சொன்னேன். அவர் போன பிறகு ஃபோனைப் பார்த்தால் திரை அணைந்திருந்தது. மறுபடி திறந்து தேடிப் படிக்க வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன். எதற்கு? இரண்டுக்கு அடுத்து மூன்று பெரிதாக வந்தது, சக்கரம் வந்தது, வால் மூடியது. மூன்று இங்கே சேத்தக் ஆனது. சேத்தக்குக்குப் பிறகு வந்தது சீட்டா. அப்படியென்றால் அதுவும் சக்கரமும் மூடிய வாலுமாக இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தானே இருக்கும்? கொலுவில் கீழ்ப்படியில் புழு பூச்சி, அதற்கு மேல் மிருகம், அதற்கு மேல் மனிதர் என்று ஏறிக்கொண்டே போவோமே, அதுபோலத்தான் இதுவும் என்று தீர்மானித்துவிட்டேன்.

பிறகு மூன்று நாள் கடையின் பின்கட்டில் உற்பத்தி நடந்தது. பி.வி.சி. பைப், வளைவுக்கு மாட்டும் எல்போ, வெல்டு மெஷ் கம்பி வலை, மிட்டாய்ப் பரணியின் மூடி, அலமாரிக்கு அடியில் போடும் உருளைச் சக்கரம் என்று கையில் கிடைத்ததெல்லாம் ஹெலிகாப்டர் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். சீட்டாவைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டேன். கடையில் யாரோ திருப்பிக் கொடுத்த சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனைப் பிரித்து, அந்த மோட்டாரை அதன் தலையில் பொருத்தி, மூன்று இறக்கையும் வைத்தேன். சுவிட்ச் போட்டால் நிஜமாகவே சுற்றும். சக்கரம் நான்கும் எண்ணெய் போட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடின. (மூன்று போதும், பலத்துக்காக நாலு.)

மீனு பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் நெட்ல படம் பாத்துதானே செஞ்ச?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன். நாலுக்கு மூன்று பார்த்திருந்தேன். பரீட்சையில் என்றால் அது முதல் வகுப்பு.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் வீடு இருக்கும் கிழக்கேகோட்டையில் நவராத்திரிக் கூட்டம், வண்டியை எங்கோ விட்டுவிட்டு கார்த்திக்கும் அவன் அம்மாவும் நடந்தே வந்தார்கள். ராஜேஸ்வரி அம்மாள் ஒல்லியாக, உயரமாக, இஸ்திரி மடிப்புக் கலையாத பருத்திப் புடவையில் இருந்தார். கழுத்தில் செயின் போட்டுத் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. பின்னால் கார்த்திக், புது வெள்ளைச் சட்டையில், பரீட்சை எழுத வந்தவன் முகத்தோடு.

"வாங்க வாங்க, மழையில கஷ்டப்பட்டுட்டீங்களே" என்று அம்மா பாய் போட்டாள். நான் மீனு சொன்னபடி வாங்க என்றேன், சிரித்தேன். இரண்டு பேருக்கும் கடலைச் சுண்டல் வந்தது. மீனு பட்டுப்புடவையில் வந்து கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினாள். தப்பில்லாமல் முடித்துவிட்டாள்.

"நல்லாப் பாடற" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். ஆனால் பார்வை அவள் மேல் இல்லை. மெதுவாக எழுந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கைப்பையைத் திறந்து ஒரு பென் டார்ச்சையும் ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலையும் வெளியே எடுத்தார். (கொலு பார்க்க வரும் பெண்கள் கைப்பையில் என்னென்னவோ பார்த்திருக்கிறேன். ஸ்டீல் ஸ்கேல் அதுதான் முதல் தடவை.)

"யார் பண்ணது இது?"

"மூத்தவன். கிட்டுதான் செய்தான்" என்றாள் அம்மா. என் பிறவியிலேயே அவள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன முதல் வாக்கியம்.

கொலுவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழ்ப்படியிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டே வந்தார்.

"அலுவெட் ரெண்டு. கண்ணாடிக் குமிழ், கம்பி வால், ஸ்கிட். ஓகே."

அடுத்த படி. "அலுவெட் மூணு. பெரிய உடம்பு, மூடின வால், மூணு சக்கரம். ஓகே."

அதற்கடுத்தது. "சேத்தக். அதே மெஷின்தான், நம்ம பேர். ஓகே. பரவாயில்லையே!"

ஒவ்வொரு ஓகேக்கும் மீனுவின் முகம் ஒரு சுற்று மலர்ந்தது. கார்த்திக் தைரியமாக ஒரு வாய் சுண்டல் போட்டுக்கொண்டான். எனக்கு முத்திரை மூன்று குத்தியாகிவிட்டது, இன்னும் ஒன்றுதான்.

டார்ச் வெளிச்சம் நான்காம் படிக்கு ஏறியது. ஏறி, நின்றது.

"இது என்ன?"

"சீட்டா, ஆன்ட்டி."

"சீட்டாவுக்கு ஏது தம்பி சக்கரம்?"

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், 'ஐயோ, தெரியல ஆன்ட்டி' என்று சொல்லியிருப்பான். அத்தோடு கதை முடிந்திருக்கும். என் கை நீண்டது.

"இது சக்கரம் வச்ச வகை, ஆன்ட்டி. புதுசு."

"புதுசா?"

"மார்க் ஃபோர்."

"அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம்?"

"அது மூணும் ஸ்கிட்."

அவர் ஸ்கேலை எடுத்து வாலைத் தட்டினார். "இத ஏன் மூடியிருக்கு? சீட்டாவுக்குத் திறந்த வால் இல்ல?"

"மழைக்கு ஆன்ட்டி. கேரளத்துக்குன்னே செஞ்ச மாடல். இங்க ஆறு மாசம் மழை அல்லே? கம்பி துரு பிடிச்சிரும்."

"சக்கரமும் மழைக்கா?"

"சேத்துல எறங்கினா தள்ளிட்டுப் போகலாமே."

கார்த்திக் மெல்லுவதை நிறுத்தினான். மீனு கண்ணை மூடிக்கொண்டாள். ராஜேஸ்வரி அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை நேராகப் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு மேல நான் இந்தக் குடும்பத்து மெஷினத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாம எவன் தம்பி இத மூடினான்?"

இப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

"நீங்க ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வந்திருக்கும், ஆன்ட்டி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பா இருக்கற மெஷின அப்படியே நிக்க விட்டுட்டு என்னால போக முடியாது. சக்கரத்தக் கழட்டிடலாம்" என்று சொல்லிப் படியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அய்யோ, தொடப்பிடாது!" என்று அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் நின்றார்கள். அதுதான் பயமாக இருந்தது.

"தப்புன்னு தெரிஞ்ச பிறகு ஒரு நிமிஷம்கூட அது அங்க நிக்கக் கூடாதுக்கா. எங்க வழக்கம்."

"விஜயதசமிக்கு முன்னே அது அங்கேருந்து எறங்கப்பிடாதும்மா. எங்க வழக்கம்."

"இன்னும் அஞ்சு நாள் அந்தத் தப்பு அங்கயே நிக்குமா?"

"அம்மன் முன்னால வச்சாச்சே, பின்னே என்ன செய்ய?"

மீனு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண் நிறைந்திருந்தது. இரண்டு வருடமாக ஆசைப்பட்டதை நான் நாலு உருளைச் சக்கரத்தால் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஏதாவது செய்து பேச்சை மாற்ற வேண்டும். நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். காப்பி கொண்டுவந்திருக்கலாம். நான் சுவிட்சைப் போட்டேன்.

"இது சுத்தும் ஆன்ட்டி, பாருங்க!"

சுற்றியது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சுற்றியது. எக்ஸாஸ்ட் ஃபேன் அறையின் புகையை வெளியே தள்ளுவதற்காகச் செய்தது, அது ஹெலிகாப்டர் ஆன பிறகும் அந்த வேலையை மறக்கவில்லை. கீழே அம்மா பார்க் போட்டுப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைப் பரப்பியிருந்தாள். அது மொத்தமும் கிளம்பி அறை முழுக்கப் பறந்தது. வெற்றிலை பாக்குக் கொடுக்க அம்மா எடுத்து வைத்திருந்த தட்டின் குங்குமம் அதோடு சேர்ந்துகொண்டது. கார்த்திக்கின் வெள்ளைச் சட்டை கண்ணெதிரே சிவப்பும் பச்சையுமாக மாறியது. அவன் வாயைத் திறந்தான், சுண்டலோடு மரத்தூளும் உள்ளே போயிற்று.

அதற்குள் இன்னொன்று நடந்தது. மோட்டாரின் அதிர்வில் சீட்டா நகர ஆரம்பித்தது. ஸ்கிட் என்றால் நின்ற இடத்தில் நின்றிருக்கும். நான் வைத்தது எண்ணெய் போட்ட சக்கரம். படியின் விளிம்பை நோக்கி நிதானமாக, தெரிந்த இடத்துக்குப் போவதுபோல உருண்டது. ஒயர் இழுத்துப் பிளக் கழன்றது. சீட்டா விளிம்பைத் தாண்டிக் கீழே பாய்ந்தது. செட்டியார் பொம்மைக்கு நேர் மேலே.

"அம்மா!" என்று கத்தினான் கார்த்திக்.

ராஜேஸ்வரி அம்மாள் கத்தவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, ஒரு காலை முன்னால் வைத்து, விழுந்த ஹெலிகாப்டரை மடியில் பிடித்துவிட்டார். தலையெல்லாம் பச்சை மரத்தூள், புருவத்தில் குங்குமம். செட்டியாருக்கு ஒரு கீறலும் இல்லை.

எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் தகராறு இப்போதுதான் பெரிதானது.

"நல்லவேளை. அத இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றாள் அம்மா.

"வைக்க முடியாதுக்கா. கைக்கு வந்த பிறகு எப்படித் தப்போட திருப்பி அனுப்பறது?" என்று அவர் அதை இறுக்கிக்கொண்டார்.

"படி காலியா இருக்கப்பிடாதே!"

"தப்பான மெஷின் நிக்கறதுக்குக் காலியாவே இருக்கலாம்."

அவர் மடியிலிருந்து கொடுக்க மாட்டார். அம்மா படியைக் காலியாக விட மாட்டாள். கார்த்திக் வாசலைப் பார்த்தான், கிளம்பிவிடலாமா என்பதுபோல. மீனு எழுந்து உள்ளே போகத் திரும்பினாள். அவள் உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சீட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. மார்க் ஃபோர்னு ஒண்ணு கெடையாது. மழை மாடலும் கெடையாது. அந்த எடம் வந்தப்போ ஒருத்தர் திருகாணி கேட்டாரு, நான் படிக்கவே இல்ல. எல்லாம் நானா உண்டாக்கினது. மீனுவுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அவ என்னைய வாயே தெறக்கண்டாம்னுதான் சொன்னா."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இவனா? தெரியாதுன்னா சொன்னான்?" என்று கார்த்திக்கிடமே கேட்டாள்.

ராஜேஸ்வரி அம்மாள் பாயில் உட்கார்ந்து, மடியிலிருந்த சீட்டாவைத் திருப்பிப் போட்டு, "சக்கரத்த மட்டும் நல்லா ஃபிட் பண்ணியிருக்க" என்றார். பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"தம்பி, சீட்டா சேத்தக்குக்கு மேல ஏறி வந்ததில்ல. அலுவெட் ரெண்டோட சின்ன உடம்ப எடுத்து, அதக் கொஞ்சம் பலப்படுத்தி, மூணோட எஞ்சினையும் விசிறியையும் அதுல மாட்டினாங்க. உடம்பு லேசு, எஞ்சின் பலம். அதனாலதான் பனிமலை உயரத்துக்கெல்லாம் ஏறுது. அதுக்குச் சக்கரத்தையும் பெரிய உடம்பையும் குடுத்தா அப்புறம் அது சீட்டாவே இல்ல."

அம்மாவுக்குச் சட்டென்று ஆர்வம் வந்துவிட்டது. "அப்போ தாத்தாவுக்க ஒடம்பு, அப்பனுக்க பலம்?"

"அதேதான்க்கா!"

"எங்க கிட்டுக்கு ரெண்டும் கிடைக்கல, பாத்துக்கிடுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம் என்றிருந்தது எனக்கு. அம்மா அதே சூட்டில் ஒரு சட்டத்தையும் அறிவித்தாள். வைத்த பொம்மையை நாமாக எடுக்கப்பிடாது, ஆனால் தானாக இறங்கி வந்த பொம்மைக்குப் பதிலாகப் புதுசு வைக்கலாமாம். (இந்தச் சட்டம் அன்றைக்கு அந்த நிமிடம்தான் பிறந்தது என்று எனக்கு உறுதி.)

"அப்ப இப்பவே பண்ணிடுவோம்" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். "அரை இஞ்ச் பைப் இருக்கா? ஹாக்ஸா?"

நான் எழுவதற்குள் மீனு பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடி, நான் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த மிச்சச் சாமானில் இரண்டையும் எடுத்துவந்தாள். தரையில் உட்கார்ந்து பைப்பைக் காலால் அழுத்திப் பிடித்து, நாலு இழுப்பில் அறுத்தாள். இரண்டு ஸ்கிட்டுக்கும் இரண்டு துண்டு. ராஜேஸ்வரி அம்மாள் ஒரு துண்டை வாங்கி, அறுத்த முனையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"ஆரும் இல்ல ஆன்ட்டி. கோணலா வெட்டினா அண்ணன் அதயும் நேர்னு சொல்லி வித்துருவான். அதனால நானே நேரா வெட்டப் படிச்சேன்."

ராஜேஸ்வரி அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். பையன் சிவப்பும் பச்சையுமாக நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் தட்டில் மிச்சமிருந்த கொஞ்சம் குங்குமத்தை விரலால் வழித்தெடுத்து மீனுவின் நெற்றியில் அழுத்தமாக வைத்தார். முத்திரை குத்தும்போது இப்படித்தான் அழுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, தேதி பாருங்க" என்றார்.

மீனு அழுதுவிட்டாள். நானும்தான், மரத்தூள் கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். அன்று கம்பி வாலும் ஸ்கிட்டுமாகப் புதிதாகச் செய்த சரியான சீட்டா நான்காம் படி ஏறியபோது சுண்டல் பாத்திரத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் ராஜேஸ்வரி அத்தை (இப்போது எனக்கு அத்தை முறை) பெங்களூரிலிருந்து வந்த தன் பழைய சகாக்களிடம் என்னை, "இவன்தான் மார்க் ஃபோர்" என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து என் காலைக் குனிந்து பார்த்தார்கள், சக்கரம் இருக்கிறதா என்று. கிட்டு என்ற பெயர் அத்தோடு போயிற்று. மீனுவின் குழந்தை என்னை மார்க் மாமா என்றுதான் கூப்பிடுகிறது.

அந்தச் சக்கர சீட்டாவைத் தூக்கிப் போடவும் அம்மா விடவில்லை. ஒரு தடவை கொலு ஏறிய பொம்மையாம். படியில் வைக்க அத்தை விடவில்லை, தப்பு அங்கே நிற்கக் கூடாதாம். கடைசியில் இரண்டு பேரும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அது தரையில், பார்க்கின் மூலையில் நிற்கும். பக்கத்தில் அத்தை தன் கையெழுத்தில் ஓர் அட்டை வைப்பார்: 'இப்படி ஒரு வகை கிடையாது.'

நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த யாரோ அதை ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாரோ மழை மாடல் கதையையும் சொல்லியிருப்பார்கள். படத்தில் அட்டை விழவில்லை. ஒரு வாரத்தில் அது, 'கேரள மழைக்கென்றே தயாரான சக்கரம் வைத்த புதிய ஹெலிகாப்டர்! பெருமையுடன் பகிருங்கள்!' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. எங்கள் தெரு குரூப்புக்கு வந்தது. கடைத்தெரு குரூப்புக்கு வந்தது. பிறகு பெங்களூருக்குப் போய், அங்கே ஏதோ நலச்சங்கத்துக் குரூப் வழியாக அத்தைக்கே வந்து சேர்ந்தது.

அத்தை விடுவாரா? வந்த குரூப்பில் எல்லாம் உட்கார்ந்து, 'இது பொய். இப்படி ஒரு வகை கிடையாது. இது பி.வி.சி. பைப்' என்று பதில் எழுதினார். ஒரு குரூப்பில் முகம் தெரியாத யாரோ ஒருவர் அவருக்குத் திருப்பி எழுதியிருக்கிறார்:

'மேடம், தெரியாத விஷயத்தில் கருத்து சொல்ல வேண்டாம். இது நீங்கள் ரிட்டையர் ஆனதற்கு அப்புறம் வந்தது.'

அது நான் இல்லை. அம்மன் சத்தியமாக நான் இல்லை. அந்தக் குரூப்பில் நான் உறுப்பினரே கிடையாது. மீனு நம்பவில்லை, கார்த்திக் நம்பவில்லை, பெற்ற அம்மாவே நம்பவில்லை. அத்தை? கைப்பையோடு அடுத்த ரயில் ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் மீனு சொன்னாள்.